முகாமில் கண்டுபிடித்த நோய்க்கு மறுநாள் முதல் யார் பொறுப்பு?

கேள்வி: செல்லம்பட்டி கணக்காளர்

அனைவருக்கும் வணக்கம். மதுரை மாவட்டம் செல்லம்பட்டி ஒன்றியத்தில் ஓர் ஊராட்சியின் மகளிர் குழுக் கூட்டமைப்புக்குக் கணக்கு எழுதுகிறேன். எங்கள் ஊராட்சியில் தாய்க்கிராமமும் மூன்று குக்கிராமங்களும் இருக்கின்றன. கடந்த இரண்டு ஆண்டுகளில் இங்கே நான்கு மருத்துவ முகாம்கள் நடந்தன. ஒன்றை அரசு நடத்தியது, ஒன்றை ஒரு கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் நடத்தினார்கள், மற்ற இரண்டையும் ஒரு சேவைச் சங்கமும் ஒரு தனியார் மருத்துவமனையும் நடத்தின. நான்கிலும் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள், கையில் பட்டை கட்டி இரத்த அழுத்தம் பார்த்தார்கள், சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள், மாலையில் பந்தலைப் பிரித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

என் சின்னம்மா மல்லிகைத் தோட்டத்தில் பூப்பறிப்பவர். விடியற்காலை நான்கு மணிக்கு நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு செடிகளுக்கு நடுவே இறங்கினால், வெயில் ஏறுவதற்குள் பூவைச் சந்தைக்கு ஏற்றிவிட வேண்டும். அந்த முகாம்களில் ஒன்றில் அவருக்குச் சர்க்கரை 286 என்று எழுதி, "பெரிய ஆஸ்பத்திரியில் காட்டுங்கள்" என்று சொல்லி அனுப்பினார்கள். அவர் அந்தச் சீட்டை நான்காக மடித்து, ரேஷன் அட்டை வைத்திருக்கும் நெகிழி உறைக்குள் பத்திரமாக வைத்தார். ஓராண்டு கழித்து, முள் குத்தியதே தெரியாமல் கால் கட்டைவிரல் கறுத்து, அதை எடுக்க வேண்டி வந்தபோது, காப்பீட்டுக்காக ரேஷன் அட்டையைத் தேடினோம். அப்போதுதான் அந்தச் சீட்டு வெளியே வந்தது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். "சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னார்கள், வைத்துக்கொண்டேன்" என்றார்.

இப்போது ஒரு கல்லூரியிலிருந்து ஐந்தாவது முகாம் நடத்த அனுமதி கேட்கிறார்கள். எங்கள் ஆரம்ப சுகாதார நிலையம் ஏழு கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியர் இருக்கிறார், வீடு தேடி மாத்திரை கொண்டுவரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலரும் வருகிறார். எங்களிடம் கூட்டமைப்பின் கட்டடமும், சிறிது பொது நிதியும், ஊரையே அறிந்த பெண்களும் உண்டு. பால் கூட்டுறவுச் சங்கமும் பள்ளியும் இருக்கின்றன. இத்தனை பேர் இருந்தும் சின்னம்மாவின் சீட்டை யாரும் பார்க்கவில்லை. இவர்களையெல்லாம் எப்படிச் சேர்ப்பது, சேர்த்தால் யாருக்கு என்ன பொறுப்பு என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1: மேலூர் ஓய்வுபெற்ற செவிலியர்

தங்கைக்கு வணக்கம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் சின்னம்மாவைப் போன்ற கால்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அந்த வருத்தம் எனக்கும் உண்டு.

முதல் வேலையாக, ஐந்தாவது முகாமைத் தள்ளி வையுங்கள். உங்கள் குழுக்களின் அடுத்த கூட்டத்தில், ஒவ்வொரு பெண்ணும் தன் வீட்டிலும் பக்கத்து வீடுகளிலும் இருக்கும் பழைய முகாம் சீட்டுகளைக் கொண்டுவரட்டும். அந்தச் சீட்டுகளிலிருந்து ஒரே ஒரு நோட்டில் பெயர், தெரு, எந்த மாதம் என்ன அளவு, இப்போது மாத்திரை எங்கிருந்து வருகிறது என்று எழுதுங்கள். அரசு மாத்திரை வாங்குபவர், தனியாரில் காசு கொடுத்து வாங்குபவர், வாங்கிக்கொண்டிருந்து நிறுத்தியவர், தொடங்கவே இல்லாதவர் என்று நான்கு வகையாகத் தானே பிரிந்துவிடும். அந்த நோட்டோடு ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலரைப் போய்ப் பாருங்கள். வெறுங்கையோடு போய் "எங்கள் ஊருக்கு ஏதாவது செய்யுங்கள்" என்று கேட்டால் அவரும் இன்னொரு முகாம் போடத்தான் சொல்வார். பெயர்ப் பட்டியலை முன்னால் வைத்தால் அவரால் தட்ட முடியாது. முகாமில் ஒருமுறை பார்த்த அளவை வைத்து யாரையும் நோயாளி என்று முடிவு கட்டக் கூடாது என்பதையும் மறக்காதீர்கள். நிலையத்தில் மறுபடி பார்த்து மருத்துவர் உறுதி செய்தால்தான் அவருடைய பெயர் சர்க்கரை, இரத்த அழுத்தம் போன்ற தொற்றா நோய்களின் பதிவேட்டில் ஏறும், பதிவேட்டில் ஏறினால்தான் மாத்திரை மாதந்தோறும் வீடு தேடி வரும்.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. அதன் பெண் தன்னார்வலர்கள் மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து எடுக்கப்பட்டவர்கள் என்பதால், உங்கள் ஊருக்கு வருபவரும் பெரும்பாலும் உங்களைப் போல ஒரு குழு உறுப்பினராகத்தான் இருப்பார். சமவெளியில் ஒரு துணை சுகாதார நிலையத்துக்கு 5,000 பேர் என்பது கணக்கு. அத்தனை பேரின் வீட்டுக்கும் ஒருவர் நடக்க வேண்டும் என்றால், பூட்டிய கதவுகளைத் தாண்டிப் போகத்தான் செய்வார். அவரைக் குறை சொல்வதால் ஒன்றும் ஆகாது. எந்த வீடு எந்த நேரத்தில் திறந்திருக்கும் என்பதை உங்கள் பெண்கள் அவருக்குச் சொல்லிக் கொடுங்கள். எல்லாக் கூட்டு முயற்சிக்கும் அடித்தளம் இந்தச் சிறிய தகவல்தான் என்று நான் நம்புகிறேன்.

மாத்திரை ஏன் நின்றுபோகிறது என்பதையும் சொல்கிறேன். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்ணைக் காலையில் ஒருமுறையும் பிற்பகலில் ஒருமுறையும் கைப்பேசியில் படம் எடுத்து வருகைப் பதிவு செய்கிறார்கள். இடையில் அவர் சுகாதார நிலையத்துக்குப் போய்வந்தால் அன்றைய கூலி போய்விடும். மாதத்தில் ஒரு நாள் கூலியை விட்டு மாத்திரை வாங்க எத்தனை பேர் வருவார்கள்? இன்னொரு காரணம், சர்க்கரை இறங்கியதும் நோய் போய்விட்டது என்று நினைத்துவிடுவது. ஒரு பாட்டி தம் வீட்டு அஞ்சறைப் பெட்டியைத் திறந்து காட்டினார். சீரகத்துக்குப் பக்கத்துக் குழியில் மூன்று மாத மாத்திரைகள் அட்டையிலிருந்து பிரித்துக் கொட்டிக் கிடந்தன. "உடம்பு சரியில்லாத அன்றைக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று சேர்த்து வைத்திருக்கிறேன்" என்றார். இதை எந்த முகாமும் கண்டுபிடிக்காது. அந்தப் பெட்டியைப் பார்க்கும் உரிமை பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குத்தான் உண்டு.

உங்கள் பெண்களுக்கு ஓர் எல்லையும் வேண்டும். மாத்திரையின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ, ஒருவரின் மாத்திரையை இன்னொருவருக்குக் கொடுக்கவோ அவர்கள் ஒருபோதும் முற்படக் கூடாது. கேட்பதும், நோட்டில் குறிப்பதும், அழைத்துப் போவதும் அவர்கள் வேலை. மற்றது செவிலியரும் மருத்துவரும் பார்க்க வேண்டியது.

நாங்கள் பயிற்சி பெற்ற நாள்களில் டாக்டர் சௌந்தரம் அம்மையாரைப் பற்றிப் பேசாத ஆசிரியை கிடையாது. டி.வி.எஸ். நிறுவனரின் மகளாகப் பிறந்து, மருத்துவம் படித்து, 1947-இல் கணவர் கோ. இராமச்சந்திரனோடு திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தைத் தொடங்கியவர் அவர். அங்கிருந்துதான் ஆத்தூர் வட்டாரத்து வீடுகளுக்குள் குடும்பநலப் பணி நடந்து போனது. பயிற்சி பெற்ற பெண் ஒருத்தி வீட்டு வாசலில் உட்கார்ந்து பேசுவதுதான் அங்கே மருத்துவத்தின் முதல் படி. நீங்கள் கேட்பதும் ஏறக்குறைய அதைத்தான்.

பதில் 2: வாடிப்பட்டி முகாம் அமைப்பாளர்

சகோதரிக்கும் செவிலியர் அம்மாவுக்கும் வணக்கம். ஒரு சேவைச் சங்கத்தின் சார்பில் பல ஆண்டுகளாகக் கண் சிகிச்சை முகாம்களுக்கு ஏற்பாடு செய்து வருகிறேன். முகாம் என்றாலே வீண் என்ற முடிவுக்கு யாரும் வந்துவிட வேண்டாம் என்பதற்காக, நம் மதுரையிலேயே நடந்த ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன்.

டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அவர்களின் முகாம்களில் வேலைப் பிரிவினை மிகவும் தெளிவானது. இடம், துண்டறிக்கை, ஆட்டோவில் ஒலிபெருக்கி அறிவிப்பு, வந்தவர்களை வரிசையில் உட்கார வைப்பது ஆகியவை உள்ளூர் அமைப்பின் பொறுப்பு. பரிசோதனையும் அறுவைச் சிகிச்சையும் மருத்துவமனையின் பொறுப்பு. கண்புரை முற்றியவர்களை அன்றைக்கே பேருந்தில் மதுரைக்கு அழைத்துப் போய், அறுவைச் சிகிச்சை முடித்து, ஊரிலேயே கொண்டுவந்து இறக்குவார்கள். எங்கள் சங்கம் மருத்துவத்தில் தலையிட்டதில்லை, அவர்களும் எங்கள் ஊரில் யாரை எப்படிக் கூப்பிடுவது என்பதில் தலையிட்டதில்லை. ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு அழைத்து வரும் வரை வேலை முடியவில்லை என்பது எங்கள் இரு தரப்புக்கும் தெரியும். உங்கள் ஊரில் நடந்த நான்கு முகாம்களிலும் இந்த இரண்டாவது பாதி இல்லாமல் போயிருக்கிறது.

இலவசம் என்று சொன்னால் மட்டும் மக்கள் வந்துவிடுவதில்லை என்பதை அரவிந்த் மருத்துவமனையினர் தொடக்கத்திலேயே கண்டுகொண்டார்கள். சிகிச்சை இலவசமாக இருந்தாலும் பேருந்துக் கட்டணமும் சாப்பாடும் ஏழைக்குச் செலவுதான். அவற்றையும் சேர்த்துக் கொடுத்து, ஏற்கெனவே அறுவைச் சிகிச்சை செய்து பார்வை பெற்ற ஊர்க்காரரே வீடு வீடாகப் போய்ச் சொன்னபோதுதான் வருகை கூடியது. நானும் இதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். நாங்கள் பத்து முறை போய்ச் சொல்லியும் அசையாத ஒரு பெரியவர், பக்கத்துத் தெருக்காரர் பச்சைக் கண்ணாடியோடு டீக்கடையில் தினத்தந்தி வாசிப்பதைப் பார்த்த மறுவாரமே பேருந்தில் ஏறினார்.

ஆனாலும் முகாமுக்கு ஓர் எல்லை உண்டு. அரவிந்த் சேவை செய்யும் கிராமப் பகுதிகளைப் பற்றி 1999-இல் வெளியான ஓர் ஆய்வு, கண்ணில் குறை உள்ளவர்களுள் நூற்றுக்கு 7 பேர் அளவில்தான் முகாம்களுக்கு வருகிறார்கள் என்று காட்டியது. முகாமில் உலகப் புகழ் பெற்ற ஒரு மருத்துவமனைக்கே நிலைமை இது. அதற்குப் பிறகுதான் ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் சிறிய விஷன் சென்டர்களை ஊர்ப்புறங்களில் அமைக்கத் தொடங்கினார்கள். பயிற்சி பெற்ற பெண் பணியாளர் கண்ணைப் பரிசோதித்துப் படம் எடுக்க, மருத்துவமனையில் இருக்கும் மருத்துவர் திரையில் நோயாளியோடு பேசி முடிவு சொல்கிறார். சர்க்கரை உள்ளவர் ஆண்டுக்கு ஒருமுறை கண்ணின் விழித்திரையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆகவே உங்கள் நோட்டில் கண் பரிசோதனைக்கும் ஒரு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள், பக்கத்தில் எந்த ஊரில் மையம் இருக்கிறது என்று கேட்டு வையுங்கள்.

கல்லூரிக்காரர்களைத் திருப்பி அனுப்ப வேண்டாம் என்பது என் கருத்து. செவிலியர் அம்மா சொன்ன நோட்டைத் தயாரிக்கவே ஐம்பது மாணவர்கள் தேவைப்படுவார்கள். ஒரு நாள் முகாமுக்குப் பதிலாக ஆறு மாதத்துக்கு மாதம் ஒரு சனிக்கிழமை வர முடியுமா என்று கேளுங்கள். முடியும் என்று சொல்கிற கல்லூரியோடு மட்டும் சேருங்கள்.

பதில் 3: முன்னாள் வார்டு உறுப்பினர், உசிலம்பட்டி

பணத்தைப் பற்றி யாரும் சொல்லாததால் எழுதுகிறேன். ஊராட்சிதோறும் கிராம சுகாதாரக் குழு ஒன்று இருக்க வேண்டும், ஆண்டுக்கு 10,000 ரூபாய் அதற்கு ஒதுக்கீடு. ஊராட்சித் தலைமையும் கிராம சுகாதார செவிலியரும் சேர்ந்து நடத்த வேண்டிய குழு அது. பல ஊர்களில் அது பிளீச்சிங் பவுடர் வாங்கிய ரசீதோடு முடிந்துவிடுகிறது. நம் மாவட்டத்தில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 சனவரி 5-ஆம் நாளோடு முடிந்து தனி அலுவலர் பொறுப்புக்கு வந்த பிறகு, இதைக் கேட்பதற்கு ஆள் குறைந்துவிட்டது என்பதே என் மனக்குறை. ஆனால் கிராமசபை நிற்கவில்லை. சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள்கள் இருக்கின்றன. உங்கள் கூட்டமைப்பும் சுகாதார நிலையமும் என்ன செய்யப் போகிறீர்கள் என்பதைத் தீர்மானமாக எழுத வைத்துப் பதிவேட்டில் ஏற்றிவிடுங்கள். மருத்துவ அலுவலர் மாறுதலாகிப் போவார், செவிலியர் மாறுவார், தீர்மானம் அங்கேயே இருக்கும்.

தனியார் மருத்துவமனை முகாமைப் பற்றி ஓர் எச்சரிக்கை. எங்கள் தெருவில் அப்படி ஒரு முகாம் நடந்து, மூட்டுவலி என்று வந்தவர்களை வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். போன இடத்தில் எல்லாருக்கும் ஸ்கேன் எழுதினார்கள். என் மாமியார் தைப்பொங்கலுக்கு விற்கலாம் என்று வளர்த்த கிடாயை அந்த வாரமே விற்றுக் கட்டணம் கட்டினார். கடைசியில் தேய்மானம் என்று சொல்லி, வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொன்னார்கள். யார் முகாம் நடத்த வந்தாலும், பரிந்துரைக்கப்படுபவரை முதலில் அரசு நிலையத்துக்குத்தான் அனுப்ப வேண்டும் என்று எழுத்தில் ஒப்புக்கொள்ளச் செய்யுங்கள். ஒப்புக்கொள்ளாதவருக்குக் கட்டடத்தின் சாவியைக் கொடுக்காதீர்கள்.

பதில் 4: திருமங்கலம் காசநோய்த் தன்னார்வலர்

மேலே சொன்ன எல்லாவற்றோடும் உடன்படுகிறேன். விடுபட்ட ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்: அந்த நோட்டு யார் கையில் இருக்கும்?

காசநோயாளிகளுக்குச் சத்துணவு கொடுக்க ஊர்க்காரர்கள் பொறுப்பேற்கும் நிக்ஷய் மித்ரா திட்டம் 2022 முதல் நடக்கிறது. நல்ல திட்டம் என்றே சொல்வேன். மாத்திரையை விழுங்க வயிற்றில் சோறு வேண்டும். அரசு தரும் ஊட்டச்சத்து உதவித்தொகை 2018-இல் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கி 2024 நவம்பரில் 1,000 ஆனது, அதோடு பருப்பும் நிலக்கடலையும் முட்டையும் வீட்டுக்கு வந்தால் நோயாளி தேறுகிறார். உடல் மிகவும் மெலிந்தவர்களையும் மூச்சுத் திணறுபவர்களையும் எழுந்து நிற்க முடியாதவர்களையும் தொடக்கத்திலேயே பிரித்தறிந்து மருத்துவமனையில் சேர்க்கும் காசநோய் இறப்பில்லாத் திட்டமும் தமிழ்நாட்டில் 2022-இல்தான் தொடங்கியது. மெலிவுதான் இறப்புக்கு இட்டுச்செல்லும் பெரிய காரணங்களுள் ஒன்று என்பதால், ஊர் கொடுக்கும் பருப்பு வெறும் தருமம் ஆகாது, அதுவும் சிகிச்சையின் பகுதிதான்.

ஆனால் நான் உடன் இருந்த ஓர் ஊரில், உணவுப் பை கொடுத்தவர்கள் நோயாளியை வரிசையில் நிறுத்திப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். அந்தப் படத்தைப் பார்த்து, அவருடைய மகளுக்குப் பேசி முடித்திருந்த சம்பந்தம் நின்றுபோனது. அவர் அதற்குப் பிறகு பையையும் வாங்கவில்லை, மாத்திரைக்கும் வரவில்லை. இரண்டு மாதம் கழித்துத் தோப்பூர் நெஞ்சக மருத்துவமனையில் அவரைப் படுக்கையில் பார்த்தேன். படம் எடுத்தவர்களுள் ஒருவரைத் தடுக்கும் நிலையில் நான் இருந்தேன், தடுக்கவில்லை. இன்று வரை அது என்னை உறுத்துகிறது.

சர்க்கரையை ஊரில் யாரும் இழிவாகப் பார்ப்பதில்லை என்று நீங்கள் நினைக்கலாம். மணமாகாத பெண்ணுக்குச் சர்க்கரை என்றால் நிலைமை வேறு. குழுவில் கடன் கேட்டிருப்பவரின் நோய் விவரம் கடன் கொடுப்பவர்களின் கையில் இருப்பதும் சரியில்லை. நோட்டு ஒன்றே இருக்கட்டும், அது செவிலியரின் அலமாரியில் பூட்டப்பட்டிருக்கட்டும். உங்கள் பெண்கள் கையில் "இந்த வாரம் போக வேண்டிய வீடுகள்" என்ற துண்டுத்தாள் மட்டும் போதும்.

மீண்டும் செல்லம்பட்டி கணக்காளர்

நான்கு பேருக்கும் மனமார்ந்த நன்றி. ஆறு வாரங்களில் நடந்ததை எழுதுகிறேன். பழைய சீட்டுகள் 64 கிடைத்தன. அவற்றுள் 23 பேர் எங்குமே மருந்து தொடங்காதவர்கள். பட்டியலைக் கொண்டுபோனபோது மருத்துவ அலுவலர் அம்மா முதலில் நம்பவில்லை. பிறகு தம் பதிவேட்டை எடுத்து ஒவ்வொரு பெயராக ஒப்பிட்டார். இரண்டாவது, நான்காவது வெள்ளிக்கிழமைகளில் மாலை நான்கு மணிக்கு எங்கள் கட்டடத்துக்கே செவிலியரை அனுப்ப ஒப்புக்கொண்டிருக்கிறார். நோட்டு செவிலியரிடம்தான் இருக்கிறது. கல்லூரி மாதச் சனிக்கிழமைக்குச் சம்மதித்துவிட்டது, ஆனால் தேர்வு மாதங்களில் வர இயலாது என்கிறார்கள். தீர்மானத்தை அடுத்த கிராமசபைக்கு எழுதி வைத்திருக்கிறோம். தானம் அறக்கட்டளையின் களஞ்சியம் என்ற மகளிர் சேமிப்புக் குழுக்களின் கூட்டமைப்புகள் சேமிப்போடு உடல்நலத்தையும் சேர்த்துப் பார்ப்பதாக எங்கள் தலைவி சொன்னார், அவர்களிடமும் ஒருமுறை நேரில் கேட்டு வரலாம் என்றிருக்கிறோம்.

ஒரு சிக்கல் மட்டும் தீரவில்லை. வெள்ளிக்கிழமை மாலையில் வருபவர்களில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். பட்டியலில் பாதி ஆண்கள் இருந்தும் அவர்கள் கட்டடத்துப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை, பெண்கள் கூடும் இடம் என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: மேலூர் ஓய்வுபெற்ற செவிலியர்

தங்கைக்கு, ஆண்கள் வருவதற்காகக் காத்திருக்க வேண்டாம். உங்கள் ஊரில் பால் சங்கம் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். விடிந்ததும் கேனோடு வந்து வரிசையில் நிற்பவர்களில் பலர் ஆண்கள். அளந்து, எழுதி முடிக்கும் வரை அங்கிருந்து நகரவும் மாட்டார்கள். சங்கச் செயலாளரிடம் பேசி, மாதத்தில் ஒரு நாள் அந்தத் திண்ணையில் செவிலியர் உட்கார ஏற்பாடு செய்யுங்கள். முதல் நாள் மாலையே அறிவித்து, காலையில் டீ குடிக்காமல் வரச் சொல்லிவிட்டால் வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் அங்கேயே பார்த்துவிடலாம். நாங்கள் ஓர் ஊரில் அப்படிச் செய்தபோது, இரத்த அழுத்தம் பார்க்க மறுத்த ஒரே ஆள் செயலாளர்தான். மூன்றாம் மாதம் அவரும் கையை நீட்டினார்.

சின்னம்மாவைப் பற்றி நீங்கள் மறுபடி எழுதவில்லை. ஒரு விரலை இழந்த காலுக்கு அடுத்த புண் சீக்கிரம் வரும். மருத்துவ அலுவலரிடம் கேட்டு எம்.சி.ஆர். எனப்படும் மென்மையான ரப்பர் செருப்புக்கு ஏற்பாடு செய்யுங்கள், அதைப் போடாமல் அவர் தோட்டத்தில் இறங்கக் கூடாது. வேலை முடிந்து வந்ததும் இரண்டு பாதங்களையும் கழுவித் துடைத்து, அடிப்பாதத்தையும் விரல் இடுக்கையும் வீட்டில் ஒருவர் பார்க்க வேண்டும், ஏனென்றால் குத்தியது அவருக்குத் தெரியாது. வெளிச்சத்துக்கு அவர் நெற்றியில் கட்டும் டார்ச்சே போதும்.